தாமானை யார் வரைவது?

நம்மவர் வீட்டு ஹாலானாலும் சரி, கோலாலம்பூரில் நடக்கும் ஓவியக் கண்காட்சியானாலும் சரி, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவும் அம்மா ஒருவர் சுவரில் கட்டாயம் இருப்பார். பக்கத்திலேயே பத்துமலைக் காவடி. நன்றாகத்தான் வரைகிறார்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வரைகிறவர்களும் வாங்குகிறவர்களும் குடியிருப்பது தாமானில், அதாவது வரிசை வீடுகள் கட்டிய குடியிருப்புப் பகுதியில். அது ஏன் படத்துக்குள் வருவதே இல்லை?

பினாங்கில் ஓவியர் யோங் முன் சென் வரைந்த 1930கள் தொட்டே இங்கே நீர்வண்ணம் என்றால் கடற்கரை, தென்னை, மீனவர் குடிசை. ஒரே அச்சில் வார்த்த தெரஸ் வீடுகளை எவன் வரைவான் என்பார்கள்.

தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு, என்றைக்கும் நமக்குச் சொந்தமாக இருந்ததில்லை. வீடு கம்பெனியுடையது, வேலை போனால் வீடும் போச்சு. கோலாலம்பூர் பக்கத்தில் இன்றைய சுபாங் ஜெயா அன்று சீபீல்ட் தோட்டம். பங்சாரில் ரப்பர் மரம் நின்றது. 1998 காமன்வெல்த் போட்டி நடந்த புக்கிட் ஜாலிலும் தோட்டம்தான். நிலம் கைமாறியபோது நம் ஆட்கள் மூட்டை கட்டினார்கள். அப்புறம் 25,000 வெள்ளி (ரிங்கிட்) மலிவு விலை வீட்டுக்கோ, பேங்க் கடன் போட்டு ஒரு தெரஸ் வீட்டுக்கோ வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு, தலைமுறை தலைமுறையாக இல்லாத ஒன்று கிடைத்தது: தங்கள் பெயரில் ஒரு வீடு. அதில் வரைய ஒன்றுமில்லை, விட்டு வந்த லயத்தில்தான் அழகு என்றால் எப்படி?

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கள் வரிசையையே வரைகிறேன். 20க்கு 70 அடி. டெவலப்பர் சாவி கொடுத்த அன்று எல்லா வீடும் ஒன்று. இன்று எதிர்வீட்டுக் கேட் தூணில் சிவப்புச் சாமி மாடம், உள்ளே ஊதுபத்தி, ஒரு ஆரஞ்சு. அதற்கடுத்த வீட்டில் பொங்கலுக்குக் கட்டிய மாவிலை காய்ந்து சுருண்டு, கிரில் கம்பியோடு ஒட்டிக்கொண்டு, இலை எது துரு எது என்று தெரியாத நிறத்தில் தொங்குகிறது. பக்கத்து மலாய்க்காரப் பெரியவர் பாக்சிக் வீட்டில் கார் நிறுத்தும் இடத்தை நீட்டித் தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். மதியம் இரண்டு மணிக்கு அந்தக் கூரையடி நிழல் கறுப்பாக இருக்காது. சிமெண்டில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் லேசாக ஊதா ஏறியிருக்கும். கறுப்பை டப்பாவிலேயே விட்டுவிட்டு, நீலத்தில் கொஞ்சம் சிவப்பைத் தொட வேண்டும். (நம் ஊர் ஈரக்காற்றில் முதல் பூச்சு காய்வதற்குள் மழையே வந்துவிடும், அது தனிக் கதை.)

படத்தைப் பார்த்த மாமா ஒருவர், “நம்ம வாசல நாமளே காசு கொடுத்து வாங்கணுமா தம்பி?” என்றார். நியாயமான கேள்விதான். தோட்டத்துப் படம் என்றால் மட்டும் கை தானாகப் பைக்குள் போகிறதே மாமா, அது எப்படி?

அதற்காகத் தாமானையும் பால்மரக்காடு மாதிரி பனிமூட்டம் போட்டு வரையச் சொல்லவில்லை. லோங்காங்கில் (சாக்கடையில்) தேங்கிய தண்ணீர், பார்க்கிங் சண்டையில் நடுரோட்டில் வைத்த பூந்தொட்டி, எல்லாம் இருக்கட்டும்.

ஃபிளாட் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பதினேழு மாடி, ஒரே நடைபாதை, வாசல்தோறும் செருப்பு, கம்பியில் பள்ளிச் சீருடை. எட்ட நின்றால் வெறும் கட்டம், கிட்டப் போனால் ஒரு கதவுதான் தெரிகிறது. கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் யாராவது அதை வரைந்து வைத்திருந்தால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன். விலை கட்டுப்படியானால் வாங்கியும் கொள்கிறேன்.