'இன்றிரவே கரண்ட் வெட்டுவோம்' என்ற தகவல் பொய்

"நிலுவையை இன்றிரவே இந்தக் கணக்கில் போடாவிட்டால் கரண்ட் வெட்டப்படும்" என்று ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கோடு ஒரு தகவல் உவர்மலை, பாலையூற்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அது பொய். திருகோணமலையில் மின்கட்டண நிலுவை அறவிடும் குழுவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். நாங்கள் அப்படிக் கேட்பதில்லை. முதலில் சிவப்பு நோட்டீஸ்தான் வரும். பணம் உங்கள் பட்டியலில் உள்ள 10 இலக்க மின்கணக்கு எண்ணுக்கே போகவேண்டும். வங்கியில் கட்டினாலும் தபாலகத்தில் கட்டினாலும் பற்றுச்சீட்டு தருவார்கள். ஓடிபி, அதாவது உங்கள் போனுக்கு வரும் ஒருமுறை ரகசிய எண், கேட்டால் சொல்லவே வேண்டாம்.

போன கிழமை ஒரு அம்மா, மகள் அனுப்பிய காசை அந்தக் கணக்கில் போட்டுவிட்டு வந்து அழுதார். நிலுவை அப்படியே இருந்தது. சந்தேகமா, எங்கள் 1987 என்ற தொலைபேசி எண்ணுக்கு எடுத்துக் கேளுங்கள். கட்ட வசதியில்லையா, சரி, அலுவலகத்துக்கு வாருங்கள், தவணை பற்றிப் பேசலாம்.