பக்கத்து எழுத்தும் மாறிவிடுகிறதே

டிஎன்ஏவின் இரு இழைகளையும் வெட்டாமல் ஓர் எழுத்தை (அதாவது ஒரு வேதி அலகை) மட்டும் மாற்றுவதால் பேஸ் எடிட்டிங் என்ற மரபணுத் திருத்த முறை துல்லியமானது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான், ஆனால் பாதிதான். 2016-இல் அமெரிக்க வேதியியலாளர் டேவிட் லியூவின் ஆய்வகம் உருவாக்கிய, சைட்டோசின் என்ற எழுத்தைத் தைமின் என்ற எழுத்தாக மாற்றும் முதல் பேஸ் எடிட்டர் சுமார் 5 எழுத்து நீளத்துக்குள் வேலை செய்தது. அதற்குள் இன்னொரு சைட்டோசின் இருந்தால் அதுவும் தைமினாகிவிடலாம். நோயாளிக்கு அது புதுப் பிழை! அப்புறம், பேஸ் எடிட்டரில் எழுத்தை மாற்றும் நொதி, டிஎன்ஏவிலிருந்து செல் எடுக்கும் நகலான ஆர்என்ஏவையும் தொடுகிறது என்று 2019-இல் ஆய்வுகள் காட்டின. நொதியின் வேகத்தைக் கொஞ்சம் தணித்து, அந்த நீளத்தையும் சுருக்கிய வகைகள் வந்தது எனக்குப் பெரிய நிம்மதி. சில இடங்களில் திறன் குறைகிறது, பரவாயில்லை. உடலுக்குள் செய்த திருத்தத்தைத் திரும்பப் பெற முடியாதே. இதைப் பற்றிக் கட்டுரையில் இன்னும் இரண்டு பத்தி எழுதியிருக்கலாம்.