சோப்புக்கும் வரி, சொத்துக்கும் வரி

சொத்து வரி கட்டும் நேரம் வந்தாலே எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் புலம்பல் தொடங்கிவிடும். "கட்டுற வரிக்கு என்னத்தச் செஞ்சு கிழிச்சாங்க?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். கொஞ்ச நேரத்தில் பேச்சு மகளிர் இலவசப் பேருந்துக்குத் தாவிவிடும். "நம்ம வரிப்பணத்துல ஓசிப் பயணம்!"

வரியைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்கிற கட்சி இல்லை நான். தாராளமாகப் புலம்பலாம். ஆனால் யார் மேல் என்பதில்தான் எனக்குத் தகராறு.

அதென்ன 'நம்ம' வரிப்பணம்? 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த நாள் முதல் 2025 செப்டம்பர் வரை சோப்புக்கும் பற்பசைக்கும் 18 சதவீத வரி. அதன் பிறகுதான் 5 ஆனது. பிங்க் பஸ்ஸில் வீட்டு வேலைக்குப் போகிற அக்காவும் அதே 18 சதவீதத்தைத்தான் கொடுத்தார். வருமான வரி கட்டாதவர் என்பதால் அவருக்குத் தள்ளுபடி எதுவும் கிடையாது. அவர் கூலியில் அது எத்தனை பங்கு, நம் சம்பளத்தில் எத்தனை பங்கு என்று பார்த்தால் ஓசி என்ற பேச்சே வராது.

சரி, சொத்து வரிக்கு வருவோம். சென்னையில் 1998-க்குப் பிறகு வெகுகாலம் அதைத் தொடவே இல்லை. 2018-இல் ஏற்றினார்கள். உள்ளாட்சித் தேர்தல் நெருங்கவும் 2019-இல் நிறுத்திவைத்தார்கள். கடைசியில் 2022-இல், பழைய சென்னைப் பகுதிகளில் 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு ஒரேயடியாக 150 சதவீத உயர்வு. இதற்குக் கோபப்படலாம். வருடா வருடம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது. ஓட்டுக்குப் பயந்து தள்ளிப்போட்டு, மொத்தத்தையும் ஒரே தலையில் இறக்கினார்கள்.

அதைவிட எனக்கு எரிச்சல் நூலக வரி விஷயத்தில். 1948-இல் கொண்டுவந்த பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலகத்துக்காக வசூலிக்கிறார்கள். வசூலிப்பது உள்ளாட்சி, செலவழிக்க வேண்டியது நூலக ஆணைக்குழு. நம்மிடம் வாங்கியதை அங்கே கொடுக்காமல் உள்ளாட்சிகள் கோடிக்கணக்கில் பாக்கி வைத்திருப்பது அவ்வப்போது செய்தியாக வரும். மழை வந்தால் ஒழுகும் கிளை நூலகத்துக்கு நாம் ஏற்கெனவே பணம் கொடுத்தாகிவிட்டது! ஆனால் எங்கள் குழுவில் இதை ஒருவர்கூடக் கேட்டதில்லை. அப்படி ஒரு வரி இருப்பதே பலருக்குத் தெரியாது.

காரணம் என்னவென்றால், நம்மில் பலர் நூலகப் பக்கம் போவதில்லை. அரசுப் பள்ளியையும் விட்டாயிற்று, அரசு ஆஸ்பத்திரியையும் விட்டாயிற்று. தண்ணீர் வராவிட்டால் லாரிக்குப் போன் போடுகிறோம். ஒரே சேவைக்கு வரியாக ஒரு தடவை, கட்டணமாக ஒரு தடவை கொடுக்கிறோம் என்ற ஆத்திரம் நியாயம்தான். ஆனால் சத்தம் போடத் தெரிந்தவர்கள் எல்லாம் வெளியேறிவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களின் குரல் யார் காதில் விழும்? ரோட்டில் குழி விழுந்தால் மட்டும் நாம் கொதிக்கிறோம். தனியார் ரோடு வாங்க வழியில்லையே.

2022-இலிருந்து நகரங்களில் பகுதி சபைக் கூட்டம் என்று ஒன்று இருக்கிறது, கிராம சபை மாதிரி. கவுன்சிலர் வருவார், அதிகாரிகளும் வருவார்கள். அடுத்த கூட்டத்தில் நான் கேட்கப்போவது இதுதான்: நம் வார்டில் வசூலான நூலக வரி எவ்வளவு, அதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது? குழுவில் தேதியைப் போடுகிறேன். ஓசிப் பயணம் பற்றிப் பேசியவர்களும் அவசியம் வரவும்.