கஹோனுக்கு முழு மரம்தான் வேண்டுமா?
கையால் தட்டி வாசிக்கும் பெட்டி வாத்தியமான கஹோனை, அடுக்கு ஒட்டாத முழு மரத்தில் செய்தால்தான் நன்றாக ஒலிக்கும், பிளைவுட் எல்லாம் மலிவுக்குத்தான் என்று ஒரு கட்டுரையில் இருப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் முதலில் செய்தது முழு மரத்தில்தான். மழைக்காலத்தில் பக்கப்பலகை ஒன்று உப்பி, மூலை இணைப்பு நகம் நுழையும் அளவுக்கு வாயைப் பிளந்துவிட்டது. பிளைவுட்டில் ஒவ்வொரு அடுக்கின் ரேகையும் அடுத்ததற்குக் குறுக்கே ஓடுவதால் அந்தத் தொல்லை குறைவு. பெருவில் இந்த வாத்தியம் பிறந்ததே சரக்குப் பெட்டிகளில் இருந்துதானே! பக்கங்களுக்கு 12 மி.மீ. பிர்ச் பிளைவுட் போதும். தட்டுகிற முன்பலகையில்தான் கவனம் வேண்டும், அவசரம் கூடாது. நான் 6 மி.மீ. போட்டுவிட்டு, கதவைத் தட்டுகிற மாதிரிச் சத்தம் கேட்டு நொந்துபோனேன். அப்புறம் 3 மி.மீ.க்கு மாற்றி, மேல் மூலைத் திருகுகளை அரைச் சுற்று தளர்த்தியதும் விரல் பட்டாலே சுள்ளென்று பேசியது. எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) போடலாமா என்று கேட்பவர்களுக்கு: பெட்டிக்குப் போடலாம், ஆனால் தூக்கிச் சுமக்கக் கனம், ஈரம் பட்டால் ஊதும், விளிம்பில் அப்படியே திருகு ஏற்றினால் பிளக்கும். முதலில் சின்னத் துளை போட்டுக்கொள்ளுங்கள்.