புதுக் காருக்கு அந்தக் கறுப்புப் பூச்சு வேண்டாம்

புது வாகனம் கைக்கு வருகிற அன்றைக்கே நீட்டப்படும் மேலதிக வேலைப் பட்டியலில் முதல் வரி பெரும்பாலும் அண்டர்கோட், அதாவது காரின் அடிப்பகுதிக்கு அடிக்கிற கறுப்புப் பூச்சாகத்தான் இருக்கும். "கொழும்பு உப்புக் காத்துக்கு இது கட்டாயம், சேர்" என்பார்கள். 2025 பெப்ரவரியில் இலங்கையில் வாகன இறக்குமதி மீண்டும் திறந்த பிறகு வாகனம் வாங்கியவர், வரியோடு சேர்த்துக் கொட்டிய காசுக்கு முன்னால் இது ஒரு காசா என்று தலையாட்டிவிடுவார். இந்த ஊரில் ஒரு புதுக் காரின் அடிவயிற்றுக்கு நடக்கிற முதல் அநியாயம் அதுதான் என்பது என் கருத்து. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். முகத்துவாரம் தொடங்கி தெஹிவளை வரை கடலோரம் கார் நிறுத்துகிறவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

கண்ணில் படுகிற கறள் எல்லாம் கவலைப்பட வேண்டிய கறள் இல்லை. இரவு மழை பெய்து காலையில் பார்த்தால் பிரேக் டிஸ்க் செம்மஞ்சளாக இருக்கும். அது பெயின்ட் இல்லாத வார்ப்பிரும்பு, ஓர் இரவு போதும். நாலைந்து தரம் பிரேக் பிடித்தால் பேட் உரசித் துடைத்துவிடும். ஹைபிரிட்டிலும் மின்சாரக் காரிலும் வேகத்தைக் குறைக்கிற வேலையைப் பெரும்பாலும் மோட்டாரே செய்துவிடுவதால் பேட் டிஸ்கைத் தொடுவது குறைவு, கறளும் தங்கிவிடும். கிழமைக்கு ஒரு தரமாவது, பின்னால் யாரும் வராத நேரம் பார்த்துக் கொஞ்சம் அழுத்திப் பிரேக் பிடியுங்கள். சைலன்சர் வெல்டிங் ஓரத்தில் தெரியும் பழுப்பும் இந்த ரகம்தான். இதையெல்லாம் தூக்கிக்கொண்டு முறைப்பாடு செய்யப் போனால், நாளைக்கு உண்மையான கறளோடு போகும்போது உங்களை யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள்.

வெள்ளைக் காரில் ஊசிமுனை அளவுக்குச் செம்மஞ்சள் புள்ளிகள் தூவினாற்போல் தெரிந்தால், அதுவும் மரைன் டிரைவ் பக்கம் நிறுத்தும் காரென்றால், முதலில் ரயிலைச் சந்தேகியுங்கள். கரையோரப் பாதை அந்தத் தெருவை ஒட்டியே போகிறது. தண்டவாளமும் சக்கரமும் பிரேக் கட்டையும் உரசி உதிரும் இரும்புத் தூள் பறந்து வந்து கிளியர் கோட்டில், அதாவது நிறத்துக்கு மேலிருக்கும் தெளிந்த பூச்சில், குத்தி உட்கார்ந்து, அங்கேயே கறள் பிடிக்கும். உங்கள் காரின் தகடு அதற்குக் கீழே நல்லாகத்தான் இருக்கும். நகத்தால் தடவினால் மணல்தாள் மாதிரி சொரசொரக்கும். நிழலில், சூடாறிய பொனட்டில் இரும்புத் தூள் நீக்கியை அடித்து 3 முதல் 5 நிமிடம் விடுங்கள். புள்ளிகள் ஊதா நிறமாகி வழியும், கூழ்முட்டை நாற்றம் அடிக்கும், பயப்பட வேண்டாம். காய விடாமல் கழுவிவிட்டு, மிச்சத்தைச் சோப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி டீடெய்லிங் களியால் (பெயின்டில் ஒட்டியதை எடுக்கிற களிமண் கட்டி) தேய்த்தெடுங்கள். பெயின்ட் பாஸிடம் நேரே கொண்டுபோனால் பொனட் முழுவதையும் அடித்துத் தருவார். கம்பனியில் சூளையில் வைத்துச் சுட்ட பெயின்டை, கராஜில் அடிக்கிற பெயின்டுக்கு மாற்றிக்கொண்டு வருவீர்கள்.

பயப்பட வேண்டியது ஓரங்களில்தான். கார்த் தகடு முக்கால் மில்லிமீற்றர் அளவுதான். அதன் மேல் பெரும்பாலும் நாகம் (சிங்க்), பொஸ்பேற், பிறகு முழு பொடியையும் தொட்டியில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சி ஏற்றும் அடிப்பூச்சு, சுமார் 20 மைக்ரோன். அதற்கு மேல் பிரைமர், நிறம், கிளியர். எல்லாம் கூட்டினாலும் 100 முதல் 130 மைக்ரோன், ஒரு தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிப்பு. அந்த அடிப்பூச்சைச் சூளையில் சுடும்போது அது இளகி, கூரான விளிம்பிலிருந்து பின்வாங்கும். ஆகவே தகடு வெட்டுப்பட்ட ஓரத்தில் பூச்சு எப்போதும் மெலிவு. கதவின் அடி மடிப்பு, பொனட்டின் முன் உள்விளிம்பு, டிக்கி மூடியின் கீழ் ஓரம், பின் சக்கர வளைவின் உதடு, சில் (கதவுகளுக்குக் கீழே நெடுக ஓடும் பெட்டி போன்ற பகுதி) அடியில் ஜக் வைக்கிற இரட்டைத் தகடு: புதுக் காரில் காலத்துக்கு முந்தி வருகிற கறளில் பெரும்பகுதி இந்த ஐந்தில் ஒன்றில்தான் தொடங்கும்.

கதவைத் திறந்து, முழங்காலில் உட்கார்ந்து, அடி மடிப்பு நெடுகிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். தகடுகள் சேரும் இடுக்கை அடைக்கிற சீலர் பசை ஒரே தொடராக, வழுவழுப்பாக இருக்க வேண்டும். இடையில் அறுந்திருந்தாலோ கொப்புளமாகக் கிளம்பியிருந்தாலோ டோர்ச் அடித்துப் படம் எடுங்கள். அதே விளிம்பில் தண்ணீர் வடியும் சிறிய வாய்கள் இரண்டு மூன்று இருக்கும். ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை உள்ளே விட்டு ஆட்டுங்கள். ஸ்குரூடிரைவர் வேண்டாம், பூச்சைக் கீறிவிடும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் இந்த வாயால்தான் வெளியேற வேண்டும். தூசியும் இலைத்துகளும் அடைத்தால் கதவு ஒரு தொட்டி. வாயிலிருந்து பழுப்புத் தண்ணீர் ஒழுகிக் கோடு விழுந்திருந்தால் கறள் உள்ளே தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

உப்புக் காற்று என்று எல்லோரும் சொல்கிறோம், அது செய்கிற வேலை என்ன? சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் தானே ஈரத்தை இழுத்துக் கரையும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது; அதற்கு 33 வீதமே போதும். கொழும்பில் ஈரப்பதன் அவ்வளவு கீழே எப்போது இறங்கப் போகிறது? அதாவது உப்புப் படிந்த தகடு, ஒரு துளி மழை படாவிட்டாலும் ஈரமாகவே இருக்கிறது. இதில் பலருக்கு நம்பக் கஷ்டமான ஒன்று உண்டு. மழையில் நனைகிற இடத்தைவிட நனையாத இடம்தான் கெதியாக அரிக்கும். கூரையையும் பொனட்டையும் மழை கழுவிவிடும். சக்கர வளைவின் உள்பக்கத்தையும் கதவின் அடியையும் சேசிஸின் மேல்புறத்தையும் யார் கழுவுவது? மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடல் துமியைத் தரைக்குள் தள்ளும்போது, அபார்ட்மென்ட் கீழ்த்தளத்தில் கவர் போட்டு மூடி வைத்த காருக்குத்தான் அதிகச் சேதம். நனைந்த கவர், காற்றோட்டம் இல்லாத தளம், மேலே உப்பு. கருவாடு போடுகிற ஏற்பாடேதான், வெயில் மட்டும் இல்லை.

இப்போது அந்தக் கறுப்புப் பூச்சு. தாரும் இறப்பரும் கலந்து தடிப்பாக அடிக்கிற வகை, காய்ந்தால் தோல் மாதிரி இறுகும். துறைமுகத்து யார்டில் கடற்காற்றில் கிடந்து உப்புப் படிந்த அடிப்பகுதியை வடிவாகக் கழுவிக் காய வைக்க ஒரு நாளாவது வேண்டும். காலையில் விட்டுப் பின்னேரம் எடுக்கிற வேலையில் அது நடக்காது. உப்பும் ஈரமும் பூச்சுக்குக் கீழே பூட்டப்படுகின்றன. சில வருடத்தில் பூச்சு இறுகி வெடிக்கும், கல் பட்டுக் கிளம்பும், வெடிப்பால் தண்ணீர் உள்ளே போகும், போன தண்ணீருக்கு வெளியே வர வழி இல்லை. வெளியே பார்த்தால் கறுப்பாக, புதிதாகவே தெரியும். ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டும்போது டொக்கென்று வெறுஞ்சத்தம் கேட்கிற அன்றுதான் தகடு போனது தெரியவரும். அடிக்கிற அவசரத்தில் வடிகால் வாய்களையும் சேர்த்து மூடிவிடுவது தனிக் கூத்து.

வேண்டியது மெல்லிய, காயாமல் பிசுபிசுப்பாக இருக்கிற வகை: மெழுகு அல்லது லனோலின் (ஆட்டுரோமக் கொழுப்பு) அடிப்படையிலானது. கீறல் பட்டாலும் தானே ஊர்ந்து மூடிக்கொள்ளும், இடுக்குகளுக்குள் புகும், கீழே நடப்பது கண்ணுக்குத் தெரியும். சாதாரண செடான் ஒன்றுக்கு அடிப்பகுதியும் உட்குழிகளும் சேர்த்து 3 முதல் 4 லீட்டர் போகும். பிரஷர் கன்னுக்கு நீண்ட வளையும் குழாயும் நாலாபக்கமும் சிதறும் நொசிலும் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் சில் பெட்டிக்குள்ளும் கதவுக்குள்ளும் போகாது. வெளியே மட்டும் அடித்து ஒரு பிரயோசனமும் இல்லை. இறப்பர் மூடிகளைக் கழற்றி, உள்ளே விட்டு, இழுத்துக்கொண்டே அடித்து, மூடிகளைத் திரும்பப் போட வேண்டும். டிஸ்க், காலிப்பர், சைலன்சர், ஒட்சிசன் சென்சர் பக்கம் படக்கூடாது. மண்ணெண்ணெய் ரகக் கரைப்பான் உள்ள சரக்கு என்றால் இறப்பர் புஷ்களிலும் வேண்டாம், ஊதிவிடும். மின்சாரக் கார், ஹைபிரிட் என்றால் செம்மஞ்சள் உறை போட்ட வயர்களும் பற்றரிப் பெட்டியும் தொடக்கூடாத இடம். இது வருடாவருடம் திரும்ப அடிக்க வேண்டியது. கொழும்பில் அதற்குத் தோதான காலம் பெப்ரவரி, மார்ச். பருவமழை தொடங்கிய பிறகு அடித்தால் முன்னே சொன்ன அதே பிழைதான். சில சேர்விஸ் ஸ்டேஷன்களில் கழுவிய கையோடு பழைய என்ஜின் ஒயிலை அடியில் விசிறிவிடுவார்கள். அமிலமும் எரிபொருள் மிச்சமும் கலந்த எண்ணெய் அது. சும்மா தந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அதற்கும் முன்னால், தண்ணீர். இரண்டு கிழமைக்கு ஒரு தரம், பருவக்காற்றுக் காலத்தில் கிழமைக்கு ஒரு தரம், சாதாரண ஹோஸ் குழாயை வளைவுகளுக்குள்ளும் சில் அடியிலும் 10 நிமிடம் பிடித்தால் போதும். குழாய்த் தண்ணீராக இருக்கட்டும். கடலோரக் கிணறுகள் பலவற்றில் உவர் கலந்திருக்கும். பின் சக்கர வளைவின் உதட்டுக்குள் கையை விட்டு, அங்கே அப்பியிருக்கும் சேற்றை வழித்தெடுங்கள். ஒரு பிடி சேறு நாட்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

கடல் செய்கிறதைக் கடல் தலையில் போடுவது சரி. நாமே துளை போட்டுவிட்டுக் கடலைக் குறை சொல்வதுதான் எனக்குப் பொறுக்காது. மட்ஃபிளாப்புக்கு மட்கார்ட் விளிம்பில் நாலு ஸ்குரூ, நம்பர் பிளேட்டுக்கு டிக்கியில் இரண்டு, சைட் ஸ்டெப்புக்கு இன்னும் சில. ஒவ்வொரு துளையின் சுவரும் பூச்சே இல்லாத வெறும் இரும்பு. துளையிட்ட தூள் உள்ளே விழுந்து அதுவும் கறள் பிடித்துக் கறையிறக்கும். கம்பனி விட்ட துளைகளிலேயே மாட்டுகிற மட்ஃபிளாப் இருந்தால் அதையே வாங்குங்கள். துளைதான் வேண்டும் என்றால், போட்டதும் தூளை ஊதித் துடைத்து, துளை விளிம்புக்கு எபொக்சி பிரைமரைச் சிறிய பிரஷால் தொட்டு, காய்ந்த பிறகு மெழுகில் தோய்த்து ஸ்குரூவை ஏற்றச் சொல்லுங்கள். கால் மணித்தியாலம் கூடப் போகும், அவ்வளவுதான்.

கறள் ஏற்கெனவே வந்துவிட்டதா? ஒரு ரூபாய்க் குற்றியைவிடச் சிறிய புள்ளியென்றால் இப்போதே பாருங்கள். கொப்புளத்தைச் சுற்றி 2 சென்ரிமீற்றர் வரை 80 இலக்க மணல்தாளால் தேய்த்தால், கண்ணால் பார்த்ததைவிடக் கறள் அகலமாகப் போயிருப்பது தெரியும். பளபளக்கும் வெள்ளை இரும்பு வரும் வரை விடக்கூடாது. கரும்புள்ளிக் குழிகள் மிஞ்சினால் ஊசித் தூரிகையாலோ மணல் வீச்சாலோ எடுக்க வேண்டும். கறள் மாற்றித் திரவம், அதாவது பொஸ்போரிக் அமிலச் சரக்கு, கை எட்டாத இடத்துக்கு மட்டும் பொருந்தும். அதைப் பூசிக் கழுவாமல் மேலே எபொக்சி அடித்தால் பிடிக்காது, உரிந்து வரும். பிறகு விளிம்புகளை 180, 320 தாளால் சரித்து, கிரீஸ் நீக்கியால் துடைத்து, அதே மணித்தியாலத்துக்குள் இரண்டு பாக எபொக்சி பிரைமர் இரண்டு கை. காலையில் தேய்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்து அடிக்கிற வேலை இங்கே சரிவராது. நம்ம காற்றில் வெறும் இரும்பு அதற்குள்ளேயே மங்கிவிடும். பள்ளம் நிரப்பப் பட்டி தேவையென்றால் எபொக்சிக்கு மேல். வெறும் தகட்டில் பட்டி பூசுகிற பாஸ் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வாகனத்தைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்: பட்டி ஈரத்தை உறிஞ்சும், அடுத்த மழைக்குள் அதே இடத்தில் அதே கொப்புளம் வரும். நிறத்துக்கு வாகனத்தின் விவரத் தகட்டில் உள்ள பெயின்ட் இலக்கத்தைக் கொடுங்கள். சில ஜப்பான் வாகனங்களில் சி/டிஆர் என்ற வரியில் முதலாவதாக இருப்பது அது.

ரீகண்டிஷன் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஹொக்கைடோவிலும் வட ஜப்பானிலும் பனிக்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுவார்கள். அங்கே ஓடிய மூன்று வருடக் கார், மேலே கண்ணாடி மாதிரி இருந்தாலும் அடியில் மோசமாக இருக்கலாம். ஜப்பான் ஏலத்தில் காரின் நிலையைக் குறித்துத் தருகிற ஏலத் தாளின் படத்தில் எஸ் என்பது கறள், சி என்பது அரிப்பு. பக்கத்தில் உள்ள எண் கூடக்கூட மோசம். அசல் தாளைக் கேளுங்கள். இங்கே கொண்டுவந்து அடிப்பகுதி முழுவதும் புதிதாகக் கறுப்பு அடித்து விற்கிற வாகனம் என்றால், எதை மறைக்க அடித்தது என்ற கேள்வியோடு ஹொயிஸ்டில் ஏற்றிப் பாருங்கள்.

புத்தம் புதுசு என்றால் உத்தரவாதப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பல கம்பனிகளின் நீண்ட வருட உத்தரவாதம் துளை விழுகிற அரிப்புக்கு மட்டும்: தகடு உள்ளிருந்து வெளியே ஓட்டையாக வேண்டும். மேற்பரப்புக் கறளும் பெயின்டும் அதைவிடக் குறுகிய காலத்துக்குள் அடங்கும். கல் பட்ட இடமும் நீங்கள் துளை போட்ட இடமும் பெரும்பாலும் அடங்கவே அடங்காது. ஆகவே வாகனம் எடுத்த முதல் மாதத்திலேயே அந்த ஐந்து இடங்களையும் பார்த்து, மைலேஜ் மீற்றரோடு ஒரு படம், பக்கத்தில் ஒரு குற்றியை வைத்து அளவு தெரிய ஒரு படம், விற்றவருக்கு எழுத்தில் ஒரு கடிதம், பிரதியில் திகதி முத்திரை. வாய்ப் பேச்சில் "அடுத்த சேர்விஸில பார்ப்போம்" என்று தள்ளினால் தள்ளுகிறவருக்குத்தான் லாபம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் விவகார அதிகார சபைக்குப் போகும் முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் போக வேண்டும். படம் எடுக்கும்போது ஓரத்தில் மட்ஃபிளாப் ஸ்குரூ தெரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தெரிந்தால், வருகிற முதல் பதில் அதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.