பவர் கூடாமலே வளர்ந்த பைக்

யமஹாவின் எம்டி-07 பைக்கில் புதிய மாடல் வரும்போதெல்லாம் ஒரே புலம்பலைக் கேட்கிறேன்: "இந்தத் தடவையும் பவர் கூட்டலையே." உண்மைதான். 2014-ல் முதல் மாடல் வந்தபோது 74.8 பிஎஸ் (குதிரைத்திறன்). ஐரோப்பாவின் யூரோ 5 புகை விதிகளுக்காக 2021-ல் இன்ஜினைத் திருத்தியபோது அது 73.4 ஆகக் குறைந்தது. 2025 மாடலும் அங்கேயேதான் நிற்கிறது. வெறும் எண்களை வைத்துப் பார்த்தால் இந்த பைக் பின்னால் போயிருக்கிறது.

ஆனால் மிடில்வெயிட் நேக்கட் (நடுத்தர அளவு இன்ஜின், மேல்மூடி இல்லாத) பைக்குகளில் இதைவிடத் தெளிவான நோக்கத்தோடு வளர்க்கப்பட்ட பைக்கை நான் பார்க்கவில்லை. எதைத் தொடக்கூடாது என்று யமஹாவுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் என் வாதம்.

இது வருவதற்கு முன்பு 600 சிசி நேக்கட் என்றால் என்ன கிடைத்தது? ஸ்போர்ட்ஸ் பைக்கின் நான்கு சிலிண்டர் இன்ஜினை எடுத்து, கொஞ்சம் அடக்கி, காற்றைத் தடுக்கும் மேல்மூடியான ஃபேரிங்கைக் கழற்றிவிட்டு, உயரமான ஹேண்டில்பாரை மாட்டித் தருவார்கள். 1998-ல் வந்த ஹோண்டா ஹார்னெட் 600 அப்படித்தான். 2004-ல் வந்த யமஹா எஃப்இசட்6 அப்படித்தான். நல்ல பைக்குகள், மறுக்கவில்லை. ஆனால் அந்த இன்ஜின்கள் பந்தயத் தடத்துக்காகப் பிறந்தவை. 8,000, 9,000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) மேலேதான் அவற்றுக்கு உயிர் வரும். சாதாரணச் சாலையில் நாம் பாதி நேரம் 3,000-க்கும் 6,000-க்கும் நடுவில்தான் ஓட்டுகிறோம். ஒரு லாரியை முந்த வேண்டும் என்றால் இரண்டு கியர் இறக்க வேண்டியிருக்கும்.

எம்டி-07 அந்த வழியையே கைவிட்டது. இரண்டே சிலிண்டர், 689 சிசி, 6,500 ஆர்பிஎம்மில் 68 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). ஏபிஎஸ் இல்லாத மாடல், பெட்ரோல், ஆயில் எல்லாம் நிரப்பியும் 179 கிலோ. அதற்கு முன் இந்த இடத்தில் இருந்த யமஹா எக்ஸ்ஜே6 நான்கு சிலிண்டர். எடை 200 கிலோவைத் தாண்டும். பவரில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் ஓட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே வகை பைக் என்றே சொல்ல முடியாது.

அந்த இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் பேசியே ஆக வேண்டும். எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டுதான் கிராங்க். இந்த இன்ஜினில் அதன் மேல் பிஸ்டன்கள் இணையும் இரண்டு பின்களுக்கும் இடையே 270 டிகிரி. பழைய இரட்டைச் சிலிண்டர் இன்ஜின்களில் அது 360 அல்லது 180 ஆக இருக்கும். 360-ல் இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி சேர்ந்தே இறங்கும். 180-ல் ஒன்று ஏற மற்றது இறங்கும். இரண்டு முறையிலும் பொதுவான விஷயம் ஒன்று: பிஸ்டன்கள் ஒரே கணத்தில் நிற்கின்றன, ஒரே கணத்தில் வேகமெடுக்கின்றன. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் கிராங்கின் வேகம் கூடிக் கூடிக் குறையும். 270-ல் ஒரு பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மற்றது நடுவழியில் கிட்டத்தட்ட முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஒன்று இழப்பதை மற்றது வாங்கிக்கொள்ளும். கிராங்க் சீராகச் சுழலும். த்ரோட்டிலைத் திருப்பும்போது பின் டயருக்குப் போகிற விசையில் இந்தத் தேவையற்ற அலை குறைவு. எவ்வளவு திருப்பினோமோ அவ்வளவு பிடிப்பு என்று கையில் தெரிகிறதே, அதற்குக் காரணம் இதுதான்.

வெடிப்புகளின் இடைவெளியும் சமமில்லை, 270 டிகிரி, பிறகு 450 டிகிரி. இரண்டு சிலிண்டரும் V வடிவில் நிற்கும் 90 டிகிரி வி-ட்வின்னிலும் இதே இடைவெளிதான், டுகாட்டியின் இன்ஜின்கள் அப்படிப்பட்டவை. அதனால்தான் எம்டி-07-ன் சத்தத்தில் டுகாட்டியின் சாயல் இருக்கிறது. ஆனால் வி-ட்வின் என்றால் இரண்டு ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி), இரண்டு செட் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), நீளமான இன்ஜின், கூடுதல் செலவு. இங்கே ஒரே ஹெட், ஒரே பிளாக், அதிர்வை அடக்க ஒரு பேலன்சர் ஷாஃப்ட். அவ்வளவுதான். யமஹாவுக்கு இது புதிதும் அல்ல. 1995-லேயே டிஆர்எக்ஸ்850-ல் 270 டிகிரி கிராங்கைச் செய்து காட்டியவர்கள். 2009 ஆர்1 ஸ்போர்ட்ஸ் பைக்கில் கிராஸ்பிளேன் கிராங்கை (நான்கு பின்களும் 90 டிகிரி விலகி நிற்பது) கொண்டுவந்தபோதும் அடிப்படை யோசனை இதுவே.

புகை விதிக்காகச் செய்த திருத்தம் போக, இந்த இன்ஜினின் அடிப்படையை அவர்கள் மாற்றவில்லை. டெனெரே 700, எக்ஸ்எஸ்ஆர்700, ஆர்7 எல்லாவற்றிலும் இதே 689 சிசிதான். சிசியைக் கூட்டி, 90 பிஎஸ் என்று விளம்பரம் போட ஆசை வந்திருக்காதா? அந்த ஆசைக்கு இடம் கொடுக்காததை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

லைசென்ஸ் விதியும் இங்கே முக்கியம். ஐரோப்பாவில் 2013 முதல் ஏ2 (முழு லைசென்ஸுக்கு முந்தைய படி) லைசென்ஸ்காரர்கள் 35 கிலோவாட் வரைதான் ஓட்டலாம். அப்படிப் பவர் குறைத்த பைக்கின் அசல் பவர் 70 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது. எம்டி-07 அசலில் 55 கிலோவாட். ஆகவே புதிதாக லைசென்ஸ் எடுத்தவர் அடக்கிய பைக்கை வாங்கி, பிறகு முழு லைசென்ஸ் கிடைத்ததும் அதே பைக்கைத் திறந்துவிட்டு ஓட்டலாம். ஆஸ்திரேலியாவில் கற்றுக்கொள்பவர்களுக்கான எல்லை 660 சிசி என்பதால், அதற்கென்றே 655 சிசியில் ஒன்றைச் செய்தார்கள். முதல் பெரிய பைக்காக இத்தனை பேர் இதை வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறை இல்லையா? இருந்தது. முதல் மாடலின் சஸ்பென்ஷன் மெத்தென்று இருந்தது. அழுத்தி பிரேக் பிடித்தால் முன்பக்கம் அமுங்கும், வளைவில் மேடுபள்ளம் வந்தால் பின்பக்கம் ஆடும். ஓட்டிப் பார்த்து எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒரே குரலில் சொன்ன குறை இது. விலையைக் கட்டுக்குள் வைக்க எங்கே கைவைத்தார்கள் என்பது பளிச்சென்று தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2018-ல் ஸ்பிரிங்குகளை இறுக்கினார்கள், பின்பக்க ரீபவுண்டை (அமுங்கிய சஸ்பென்ஷன் திரும்பி விரியும் வேகத்தை) திருகி மாற்ற வசதி கொடுத்தார்கள். 2021-ல் முன் டிஸ்க் 282 மில்லிமீட்டரிலிருந்து 298 ஆனது, ஹேண்டில்பார் அகலமானது. 2025-ல் தலைகீழ் ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன்), ரேடியல் காலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பாகம்), புது ஃப்ரேம், ஆக்சிலேட்டர் கேபிளுக்குப் பதில் எலக்ட்ரானிக் த்ரோட்டில். இத்தனையும் சேர்த்த பிறகும் எடை 183 கிலோதான். ஓட்டுபவர்கள் எதைக் குறை சொன்னார்களோ அங்கேயேதான் பணம் போயிருக்கிறது.

இதோடு ட்ரையம்ப் ஸ்ட்ரீட் ட்ரிப்பிளை ஒப்பிடுங்கள். 2007-ல் 675 சிசி, 2017-ல் 765, 2023 ஆர்எஸ் மாடலில் 130 பிஎஸ். அற்புதமான இன்ஜின், சந்தேகமே இல்லை. ஆனால் ஆரம்பத்தில் அதை வாங்கிய மாதிரியான ஆள் இன்று அந்த ஆர்எஸ்ஸின் பக்கம் போக முடியாது. அது வேறொருவருக்கான பைக்காகிவிட்டது. டுகாட்டி மான்ஸ்டர் 2021-ல் தன் அடையாளமான ட்ரெல்லிஸ் ஃப்ரேமையே (குழாய்களைப் பின்னிச் செய்த சட்டம்) விட்டது. எடை நன்றாகக் குறைந்தது, அந்த முடிவை நான் மதிக்கிறேன். ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

மற்றவர்களும் இப்போது 270 டிகிரிக்கே வந்துவிட்டார்கள். சுசூகி ஜிஎஸ்எக்ஸ்-8எஸ், ஹோண்டா சிபி750 ஹார்னெட், இரண்டும் 2023-ல் வந்தவை. ஹார்னெட் 92 பிஎஸ் தருகிறது. கிலோவாட்டில் 67.5. ஏ2 எல்லைக்கு ஒரு விரற்கடை கீழே, கணக்குப் பார்த்துச் செய்த எண். அதன் பக்கத்தில் நிற்கும்போது எம்டி-07-க்கு கிட்டத்தட்ட 20 பிஎஸ் குறைவுதான். ஆனால் 70 கிலோமீட்டர் வேகத்தில் நாலாவது கியரில் ஒரு வளைவிலிருந்து வெளியே வரும்போது அந்த 20-ஐ நான் தேடியதில்லை.

எனக்குத் தயக்கம் இருப்பது ஒரே விஷயத்தில். 2025-ல் ஒய்-ஏஎம்டி என்று கிளட்ச் லீவரே இல்லாத மாடலும் வந்திருக்கிறது. கியரை பைக்கே மாற்றும், அல்லது விரலால் மாற்றலாம். நெரிசலில் தினமும் ஓட்டுபவருக்கு, மணிக்கட்டு வலி உள்ளவருக்கு அது பெரிய உதவி, வரவேற்கிறேன். ஆனால் இந்த இன்ஜினின் சுகத்தில் பாதி, கிளட்சை மெதுவாக விட்டு, 2,500 ஆர்பிஎம்மில் அது பிடித்து இழுப்பதைக் கையில் உணர்வதில்தான் இருக்கிறது. இப்போதைக்கு கிளட்ச் உள்ள மாடலையும் கூடவே விற்கிறார்கள். அடுத்த மாடலில் பவர் ஒரு பிஎஸ்கூட ஏற வேண்டாம். அந்த லீவர் மட்டும் இருக்கட்டும், பின் சஸ்பென்ஷனை இன்னும் ஒரு படி நல்லதாகப் போடட்டும்.