அக்டோபர் முடிந்ததும் காணாமல் போகிறவர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள எங்கள் சைக்கிள் குழுவுக்கு ஆகஸ்ட் பிறந்தாலே ஆள் பெருகிவிடும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை 106 கிலோமீட்டர் மிதிக்க வேண்டிய அமாஷோவா பந்தயம் அக்டோபரில் நடப்பதுதான் காரணம். பந்தயம் முடிந்து கழுத்தில் பதக்கம் ஏறியதும் அவர்களில் பாதிப்பேரைக் கண்ணில் காண முடியாது. போகட்டும், அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இருக்கும் சில வாரங்களில் குழுவின் வழக்கத்தையே மாற்றிவிட்டுப் போகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ப்ளூ லகூனைத் தாண்டி உம்லாங்கா வரை பேசிக்கொண்டே மிதித்து, மேட்டில் பின்தங்கியவருக்காக நின்று, திரும்பி வந்து சமோசாவும் தேநீருமாகக் கலைந்த குழு இது. இப்போதோ ஒருவருடைய டியூப் பஞ்சராகி அவர் ஓரமாகச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தால், கைப்பிடியிலுள்ள சின்னத் திரையில் சராசரி வேகம் குறைகிறதே என்று முணுமுணுத்தபடி மற்றவர்கள் பறந்துவிடுகிறார்கள். செயின் அறுந்தால் வழியிலேயே கோத்துத் தரும் சாட்ஸ்வொர்த் பகுதி அண்ணன், மகளோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோய்விட்டார். அவர் இடத்துக்கு வந்திருப்பவர்களிடம் (இதை என் வயிற்றெரிச்சல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்) விலையுயர்ந்த கார்பன் சைக்கிள் இருக்கிறது, காற்றடிக்கும் பம்பு இல்லை. போன ஞாயிறும் என் பம்பைத்தான் இரவல் வாங்கினார்கள். அது இன்னும் திரும்பி வரவில்லை.